மஞ்சளில் நிற்கும் முள்

ஆடு வைத்திருப்பவனுக்கு வானிலை அலுவலகத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். முதலில் எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. அங்கே யாருக்குமே வேலை இல்லை என்பதை நேரில் பார்த்த பிறகு போய்விட்டது.

எங்களுடையது செம்மறி மந்தை. குளிர் விட்டதும் மலைக்கு ஏற்றிவிடுவோம். மேலே ஒரு தகரக் கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி, காவலுக்கு என் மனைவியின் தம்பி. அவனை நான் மச்சான் என்பேன், அவன் என்னை மாமா என்பான். ஆடுகள் அவனை என்னவென்று நினைக்கின்றனவோ தெரியாது, ஆனால் அவன் குரலுக்கு மட்டும்தான் தலை நிமிரும். நான் கூப்பிட்டால் மேய்ச்சலை இன்னும் மும்முரமாகத் தொடரும். வசந்தம்தான் எங்களுக்குக் குட்டி விழும் காலம். மலைக்குக் கெட்ட காலமும் அதே வசந்தம்தான். போன வருஷத்துப் புல் சருகாகக் காய்ந்து கிடக்கும், புதுப்புல் இன்னும் தலைகாட்டியிருக்காது, காற்று மட்டும் வேலைவெட்டி இல்லாதவன் மாதிரி நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும்.

மலைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் நெடுஞ்சாலை. ஆடுகள் வந்து வண்டிகளை மறிக்கக் கூடாதென்று மலையடிவாரம் முழுக்க ஆள் உயரத்துக்கு மேல் இரும்பு வலை அடித்து, ஒரே ஒரு கேட் வைத்திருக்கிறது அரசாங்கம். கேட்டுக்கு ஒரு காவலர். காவலருக்கு ஒரு விதி. எதிரே நிற்கும் போர்டில் முள் சிவப்புக்கு வந்தால் கேட்டைத் திறந்து மந்தையை இறக்கலாம். வராவிட்டால், பருவம் முடியும்வரை கேட் மூடியே இருக்கும்.

அந்த போர்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடிகார முள் மாதிரி ஒரு முள், அதைச் சுற்றி அரைவட்டம். பச்சையில் தொடங்கி நீலம், மஞ்சள், ஆரஞ்சு என்று போய்ச் சிவப்பில் முடியும். மேலே ‘இன்றைய தீ அபாயம்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதில் ‘இன்றைய’ என்பதை நம்பி ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். முள் எங்கே நிற்க வேண்டும் என்பதை, வானிலையை முன்கூட்டிச் சொல்லும் மண்டல முன்னோக்கு அலுவலகம் பருவத் தொடக்கத்திலேயே கூடித் தீர்மானித்துவிடும். அதற்குப் பிறகு அந்தத் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டு நடந்துகொள்வது வானத்தின் பொறுப்பு.

இந்த வசந்தத்துக்கான முன்னோக்கு இப்படி வந்திருந்தது: “மண்டலத்தில் மழை இயல்பாகவோ, இயல்புக்கு மேலாகவோ, கீழாகவோ இருக்கலாம். இடியுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு உண்டு. வாய்ப்பில்லாத இடங்களில் மழை பெய்யாது. தீ அபாயம் மிதமானது. பொதுமக்கள் எச்சரிக்கையாகவும் நிம்மதியாகவும் இருக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.” முள் மஞ்சளில் நின்றது. நாங்களும் எச்சரிக்கையாகவும் நிம்மதியாகவும் இருந்தோம்.

ஒரு நாள் காலை மச்சான் மலையிலிருந்து போன் செய்தான்.

“மாமா, இங்க இடி இடிக்குது.”

“நல்லதுதானே, மழை வரட்டும்.”

“மழையைக் காணோம் மாமா. ஒரு சொட்டு கூட இல்ல. மேகம் கறுப்பா நிக்குது, மின்னல் மட்டும் வெட்டிக்கிட்டே இருக்கு. எதிர் முகட்டுல காஞ்ச மரத்துல விழுந்து, மரம் நின்ன வாக்குல புகையுது. காத்து வேற நம்ம பக்கம் திரும்பற மாதிரி இருக்கு. ஆட்டையெல்லாம் இறக்கிடலாம்.”

நானும் மனைவியும் கேட்டுக்கு ஓடினோம். காவலர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். அவர் நாற்காலியை மலைக்கு முதுகு காட்டியபடி தரையோடு சேர்த்து முடுக்கியிருந்தார்கள்.

“அண்ணே, மேல மின்னல் விழுந்திருக்கு. கேட்டைத் திறங்க,” என்றாள் மனைவி.

“முள் மஞ்சள்ல இருக்கும்மா.”

“முள்ளை விடுங்க. கொஞ்சம் திரும்பி மலையைப் பாருங்க.”

“மலையைப் பாக்க எனக்கு ஆர்டர் இல்லம்மா. போர்டைப் பாக்கத்தான் ஆர்டர். நான் அந்தப் பக்கம் திரும்பற நேரத்துல முள் சிவப்புக்குப் போயிட்டா யாரு பதில் சொல்றது?”

மனைவி என்னைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் செய்யாமல் விட்ட காரியம் அத்தனையும் அந்தப் பார்வையில் இருந்தது. “என்னங்க, நீங்க ஆபீசுக்குப் போய் முள்ளை மாத்தச் சொல்லுங்க. நான் இங்கயே நிக்கறேன். தம்பி மேல இருக்கான்.”

மச்சானால் வலையேறிக் குதித்து வந்துவிட முடியும். ஆனால் வர மாட்டான். சினை ஆடுகளையும் ஈரம் காயாத குட்டிகளையும் விட்டுவிட்டு வா என்று அவனிடம் சொல்வதும் சுவரிடம் சொல்வதும் ஒன்றுதான். அது எங்கள் இருவருக்கும் தெரியும். 

மண்டல முன்னோக்கு அலுவலகம் அருமையான கட்டடம். வெளியிலிருந்து பார்த்தால் மலையை நோக்கிப் பெரிய பெரிய ஜன்னல்கள்; கட்டியவர் பாவம், ஏதோ ஆசைப்பட்டுக் கட்டியிருக்கிறார். உள்ளே போனால் ஒரு ஜன்னலும் கண்ணில் படவில்லை. எல்லாவற்றின் மேலும் மண்டலத்தின் வரைபடத்தை மாட்டியிருந்தார்கள். வெளிச்சத்துக்கு டியூப் லைட், காற்றுக்கு ஏசி. வாசலில் ‘இந்த வாரம் வறண்ட வானிலை’ என்று ஒட்டியிருந்தது. அதற்குக் கீழேயே குடை வைக்கும் தொட்டி நிரம்பி வழிந்தது.

“வறண்ட வானிலைன்னு போட்டிருக்கீங்க, இவ்வளவு குடை இருக்கே?” என்று விசாரணைக் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டேன்.

“அது ஆபீஸ் அறிவிப்பு சார். இது எங்க சொந்தக் குடை,” என்றார்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். மலையில் மின்னல் விழுகிறது, முள்ளைச் சிவப்புக்கு மாற்ற வேண்டும் என்றேன்.

“எப்ப விழும் சார்?”

“இப்ப விழுதும்மா.”

அவர் முகம் வாடிவிட்டது. “இப்பன்னா எங்களுக்கு வராதே. நாங்க முன்னோக்கு. நடக்கப் போறதை மட்டும்தான் பாப்போம். நடந்துக்கிட்டு இருக்கறதைப் பாக்கறதுக்குத் தனியா ஒரு ஆபீஸ் வரப்போகுதுன்னு சொல்லிட்டு இருக்காங்க. நீங்க வேணா நாளைக்கு விழும்னு சொல்லுங்களேன், உள்ள அனுப்பி வைக்கறேன்.”

“சரி, நாளைக்கு விழும்,” என்றேன். அலுவலகத்துக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே நானும் ஒரு முன்னோக்கு வெளியிட்டுவிட்டேன். உடனே தீ அபாயப் பிரிவின் கதவு திறந்தது.

தீ அபாயப் பிரிவின் அதிகாரி மிகவும் மரியாதையானவர். உட்காரச் சொன்னார். பேனாவைத் திறந்தார்.

“புல் காஞ்சிருக்கா?”

“கையில எடுத்தா பொடியா உதிருது சார்.”

“காத்து?”

“ஆளைத் தள்ளுது.”

“காத்துல ஈரம்?”

“உதடெல்லாம் வெடிச்சிருக்கு, பாருங்க.”

அதிகாரியின் கண்கள் பளபளத்தன. “ரொம்ப நல்லாருக்கு! எல்லாமே பொருந்தி வருது. இவ்வளவு சுத்தமான தீ அபாயத்தை நான் சர்வீஸ்லயே பாத்ததில்ல. எதனால பத்திக்கும்னு சொன்னீங்க?”

“மின்னலால சார்.”

பேனாவை மூடிவிட்டார். “அடடா. மின்னல் எனக்கு இல்லீங்களே. அணைக்காம போட்ட சிகரெட், குப்பை கொளுத்தறது, கரன்ட் கம்பி உரசறது, இப்படி ஏதாவதுன்னா இந்த நிமிஷமே எடுத்துக்குவேன். மேல இருந்து வர்றதெல்லாம் இடி மழைப் பிரிவு. நான் தரையிலேருந்து முழங்கால் உயரம் வரைக்கும்தான்.”

“மின்னல் விழுந்த பிறகு தரையிலதானே சார் எரியும்?”

“எரிஞ்ச பிறகு அது தீயணைப்புத் துறை,” என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டு, “யாராவது ஒருத்தர் சிகரெட்டைத் தூக்கிப் போட்டா கண்டிப்பா வாங்க,” என்றும் சொன்னார்.

இடி மழைப் பிரிவு அதே அறையின் மறுபாதிதான். நடுவில் பீரோக்களை வரிசையாக நிறுத்திச் சுவராக்கியிருந்தார்கள். முன்பு ஒரே பிரிவாக இருந்ததாம். ஏசியை எவ்வளவு குளிராக வைப்பது என்பதில் தகராறு வந்து, இயற்கையை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்களாம். இந்தப் பக்கத்தின் அதிகாரி ஓர் அம்மா. தோளில் சால்வை போர்த்தியிருந்தார்.

“இடி இருக்கா?”

“இருக்கும்மா.”

“மின்னல்?”

“அதான் பிரச்சினையே.”

“மழை எவ்வளவு?”

“மழை இல்லைங்க.”

“இல்லைன்னா தூறலா?”

“தூறலும் இல்லைங்க. தூசிதான்.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “அப்ப அது எங்களுது இல்லீங்க. இடியும் மழையும் சேர்ந்து வந்தாத்தான் நாங்க. நனையாத இடிக்கு இங்க கணக்கே கிடையாது. வெறும் இடின்னா அது சத்தம். சத்தத்துக்கு ஒலி மாசு ஆபீஸ்ல போய்ச் சொல்லணும். ஒரு வாளி மழை வரட்டும், முதல் ஆளா நான் வந்து நிக்கறேன்.”

“ஒரு வாளி மழை வந்தா நான் ஏம்மா இங்க வரப்போறேன்?” என்றேன்.

“அதுவும் சரிதான்,” என்றார். நியாயமான பெண்மணி.

காய்ந்த மலையில் மழையில்லாமல் விழும் மின்னல் யாருடையது? நடைபாதையில் நின்று அதை யோசித்துக்கொண்டிருந்தேன். தீக்காரர் அது வானத்துடையது என்கிறார், வானத்துக்காரர் அது நனையவில்லை என்கிறார். அரசாங்கத்தில் ஒரு மேஜை கூட இல்லாத அந்த மின்னல்மேல் எனக்கே கொஞ்சம் இரக்கம் வந்துவிட்டது. அப்போது மச்சான் மறுபடி கூப்பிட்டான். மூச்சு வாங்கியது.

“மாமா, புல்லுல பிடிச்சிருச்சு. இப்ப முகட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கு. நான் எல்லாத்தையும் கேட்டுக்கு ஓட்டிட்டு வரேன். நேத்தும் இன்னைக்கும் பொறந்த குட்டிங்க நடக்க மாட்டேங்குது, தாய் அதுங்களை விட்டு நகர மாட்டேங்குது. முதல்ல இதுங்களை வெளிய விட்டுட்டாத்தான் திரும்பப் போய் அதுங்களைத் தூக்க முடியும். கேட்டைத் திறந்து வைக்கச் சொல்லு மாமா.”

“திறக்கச் சொல்றேன், திறக்கச் சொல்றேன்!” என்று கத்தினேன். அந்தக் கட்டடத்தில் அதற்கு முன் யாரும் கத்தியதில்லை போலிருக்கிறது. எல்லாக் கதவுகளும் திறந்தன. கோட்டுப் போட்ட ஒருவர் வெளியே வந்தார். மண்டல இயக்குநர்.

அவரிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். தீ, மின்னல், மச்சான், குட்டிகள், முழங்கால் உயரம், நனையாத இடி. கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

“அதாவது, இரண்டு பிரிவுக்கும் இடைப்பட்ட பிரச்சினை?”

“ஆமா சார். சீக்கிரம்...”

“அப்படியென்றால் கூட்டுக் கூட்டம்!” என்றார். பிள்ளை பிறந்த செய்தி சொல்வது போலச் சொன்னார். விதிப் புத்தகத்தில் அப்படி ஒன்று இருப்பது எல்லோருக்கும் தெரியுமாம், யாரும் கண்ணால் பார்த்ததில்லையாம்.

கூட்ட அறைக்கு ஓடினோம். நான் ஓடினேன், அவர்கள் வந்தார்கள். இயக்குநரின் வலப்பக்கம் தீ உட்காருவதா இடி உட்காருவதா என்று ஒரு சிக்கல் எழுந்தது. இருவரும் நின்றுகொண்டே இருந்தார்கள். கடைசியில் என்னை வலப்பக்கம் உட்காரவைத்து, எனக்கு முன்னால் ‘பொதுமக்கள்’ என்று ஒரு பலகையை வைத்தார்கள். இயக்குநர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். கைநீட்டினால் எட்டும் தூரத்தில்தான் எல்லோரும் இருந்தோம்.

“வரலாற்றுச் சிறப்புமிக்க இந்தத் தருணத்தில்,” என்று தொடங்கினார். “நமது அலுவலகத்தின் பெருமையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன். நம் முன்னோக்கு இதுவரை ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. மழை பொய்த்திருக்கிறது. காற்று பொய்த்திருக்கிறது. அது அவற்றின் தவறு.”

தீ அபாயப் பிரிவு கைதட்டியது. அது தட்டியதால் இடி மழைப் பிரிவு இன்னும் பலமாகத் தட்டியது.

“சார், முள்...” என்றேன்.

“பொதுமக்களுக்குக் கடைசியில் நேரம் ஒதுக்கப்படும். முள்ளைச் சிவப்புக்கு மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாம். பெரிய விஷயமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். சிவப்பைப் பார்த்தால் மக்கள் பயப்படுவார்கள். பயந்தால் நமக்குப் போன் செய்வார்கள். போன் செய்தால் நாம் எடுக்க வேண்டும். எடுத்தால் பதில் சொல்ல வேண்டும். ஆக, சிவப்பு என்பது மக்களுக்கு நல்லதல்ல. இன்னொன்று. இன்றைக்குச் சிவப்பு வைத்து, தீ வராமல் போனால் நம் பெயர் என்னாவது? மஞ்சள் அப்படியல்ல. தீ வந்தால், நாங்கள்தான் பச்சை இல்லை என்றோமே என்று சொல்லலாம். வராவிட்டால், சிவப்பு இல்லை என்றோமே என்று சொல்லலாம். இதற்கு முன்னிருந்த இயக்குநரும் மஞ்சளில்தான் ஓய்வு பெற்றார். நானும் மஞ்சளில் ஓய்வு பெறவே விரும்புகிறேன்.”

சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. உண்மையைப் பேசுகிற மனிதரைப் பார்த்தால் மரியாதை வரத்தானே செய்யும்? எனக்கு வரவில்லை. மலைமேல் இருந்த குட்டிகள்தான் எனக்கு ஞாபகத்துக்கு வந்துகொண்டிருந்தன.

அந்தச் சமயம் ஏசி வழியாகப் புகை வாசம் உள்ளே வந்தது. எல்லோரும் மூக்கை உறிஞ்சினார்கள்.

“கேன்டீன்ல ஏதோ தீயுது,” என்றார் தீ அபாயப் பிரிவு.

“கேன்டீன் மூடி ரொம்ப நாளாச்சு,” என்றார் இடி மழைப் பிரிவு.

நான் எழுந்தேன். சுவரில் இருந்த வரைபடத்தை ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்தேன். பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு அப்பால் எங்கள் மலை. முகட்டின் மேல் புகை திரண்டு திரண்டு எழுந்துகொண்டிருந்தது.

“படத்தைத் தொடாதீங்க, புதுசு!” என்று இயக்குநர் பதறிக்கொண்டு வந்தார். வந்தவர் ஜன்னலைப் பார்த்தார். தன் மண்டலத்தை அவர் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.  பிறகு படத்தை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, பழையபடி ஜன்னல்மேல் விட்டு, சுருக்கம் போகத் தடவிக்கொடுத்தார்.

“இது முன்னோக்கு இல்லை, நிகழ்வு,” என்றார். “நிகழ்வைப் பார்த்து முன்னோக்கை மாற்றினால் நாளைக்கு நம்மை யார் மதிப்பார்கள்? ஜன்னலை வைத்துக்கொண்டு எவன் வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போவானே! இருந்தாலும், பொதுமக்களின் மனம் நோகக் கூடாது. ஒரு நடுவழி சொல்கிறேன். முள்ளை மஞ்சளிலேயே, ஆனால் மஞ்சளின் வலது ஓரத்துக்கு நகர்த்தலாம்.”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. தீயும் இடியும் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஒருவர் கண்ணில் நீர் கூடத் துளிர்த்தது, புகையால் இருக்கலாம். அப்போது என் போன் அடித்தது. மனைவி.

“என்னங்க, என்ன ஆச்சு?”

“மஞ்சளோட வலது ஓரத்துக்கு மாத்தப் போறாங்களாம்.”

அந்தப் பக்கம் ஆடுகள் கத்துவது மட்டும் கேட்டது.

“சரி. அவங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வாங்க. இங்க முள் சிவப்புல நிக்குது.”

“எப்படி?”

“வலை ஓரமா ஒரு கழி கிடந்துச்சு.”

“ஐயோ! காவலர் ஒண்ணும் சொல்லலையா?”

“சொன்னாரே. ‘முள் சிவப்புக்கு வந்துடுச்சும்மா’ன்னு சொல்லிட்டு, உடனே எழுந்து கேட்டைத் திறந்துட்டாரு. யாரு திருப்பினாங்கன்னு பாக்க அவருக்கு ஆர்டர் இல்லையாம்.”

கும்பிடு போடாமலே ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மந்தை சாலையைக் கடந்துகொண்டிருந்தது. வண்டிகள் நின்று வழிவிட்டன. மனைவி நடுச்சாலையில் கழியோடு நின்று ஒவ்வொன்றாகத் தடவித் தடவி விட்டுக்கொண்டிருந்தாள். மச்சான் எங்கே என்றேன். மேலே கை காட்டினாள். மந்தையை வெளியே தள்ளிவிட்டு, குட்டிகளைத் தூக்க மறுபடி ஏறிப் போயிருந்தான். ஒருமுறை போய்ச் சட்டைக்குள்ளும் தோளிலுமாகக் கொண்டுவந்து எங்களிடம் கொட்டிவிட்டு, நாங்கள் பிடிக்கப் பிடிக்கத் திரும்பவும் ஓடினான். இரண்டாம் முறை வந்தபோது வெறுங்கையோடு வந்தான். கை இரண்டும் வெந்திருந்தன. கொட்டகைத் தகரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்திருக்கிறான்.

“தாய் ஆடெல்லாம் கொட்டகைக்குள்ளயே நின்னுடுச்சு மாமா,” என்றான். “கூப்பிட்டேன். தலையை நிமிர்த்திப் பாத்துச்சுங்க. வரல.”

நான் சாலையோரத்தில் உட்கார்ந்து அழுதேன். கைதட்டின நேரத்தில், வலப்பக்கம் யார் என்று நின்ற நேரத்தில், அந்தப் படத்தின் சுருக்கத்தை அவர் தடவின நேரத்தில் கேட் திறந்திருந்தால் அவை அத்தனையும் வந்திருக்கும். இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

தீ அணைந்ததும் முதல் காரியமாக ஆள் அனுப்பி முள்ளைப் பழையபடி மஞ்சளுக்குத் திருப்பினார்கள். கேட்டும் மூடிக்கொண்டது. மேலே போய் எங்கள் ஆடுகளைப் புதைக்கக்கூட வழியில்லை. வலையேறிப் போகலாம் என்றால் மச்சான் கையில் கட்டு, எனக்கு வயது. அடுத்த காரியமாக என் மனைவியை விசாரணைக்கு அழைத்தார்கள். குற்றச்சாட்டு: அங்கீகாரமில்லாமல் முன்னோக்கு வெளியிட்டது.

“முள் மஞ்சளில் இருந்தவரை இந்த மண்டலத்தில் தீ இல்லை,” என்றார் இயக்குநர். “சிவப்புக்குப் போன பிறகு தீ. இதிலிருந்து என்ன தெரிகிறது?”

“நீங்கதான் ஜன்னல்ல புகையைப் பாத்தீங்களே சார்!” என்றேன் நான்.

“கூட்டத்தில் புகை பற்றி யாரும் பேசவில்லையே. கேன்டீன் பற்றித்தான் பேசினோம்.”

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. இயக்குநர் எழுந்து நின்று பேசினார். பேசப் பேச அவர் முதுகு வளைந்து, பிறகு நிமிர்ந்து, கடைசியில் ஒரு சுற்றுப் பெருத்தும் போயிற்று. சரியான நேரத்தில் சிவப்பு காட்டிய ஒரே மண்டலம் இதுதானாம். நாடு முழுக்க மற்ற மலைகளெல்லாம் மஞ்சளிலேயே எரிந்தனவாம். விருது தருகிறார்களாம்.

போனை வைத்துவிட்டு என் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். “அம்மா, உட்காருங்கள். நீங்கள் இன்னும் நின்றுகொண்டா இருக்கிறீர்கள்?”

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. அரசாங்கம் வேகமாக வேலை செய்யாது என்று இனி யாரும் என்னிடம் சொல்லக் கூடாது. தீப்பிடித்த அன்று மதியம் மட்டும் என் மனைவி அந்த அலுவலகத்தின் தற்காலிக முள் நகர்த்துநராக இருந்தாள் என்று முன்தேதியிட்டு உத்தரவு போட்டார்கள். ஆகவே முள்ளை நகர்த்தியது அலுவலகம்தான், முன்னோக்கு பலித்தது அலுவலகத்துக்குத்தான். அதே நாள் மாலையே, தேவையான படிப்பு இல்லாத காரணத்தால் அவளை வேலையை விட்டு நீக்கி இன்னோர் உத்தரவு. இரண்டையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்தார்கள்.

“சார், செத்துப்போன ஆடுங்க?” என்று கேட்டாள்.

“உயிரிழப்பு இல்லை என்று தகவல் போய்விட்டதே அம்மா,” என்றார் இயக்குநர். உண்மையிலேயே வருத்தப்பட்டார். “ஆடு என்றால் கால்நடைத் துறை. முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவர்களையும் கூட்டத்துக்கு அழைத்திருக்கலாம்.”

சில வாரம் கழித்து மழை பிடித்தது. இடியும் மழையும் சேர்ந்து, இடி மழைப் பிரிவு சந்தோஷப்படும்படியான மழை. தெருவெல்லாம் ஆறாக ஓடியது. கூட்டுக் கூட்டம் மறுபடி கூடி, நடந்த தீயைத் தீர ஆராய்ந்து, மலையில் தீ அபாயம் மிகக் கடுமையாக இருக்கிறது என்ற முடிவுக்கு வந்ததும் அப்போதுதான். உரிய அதிகாரியே கொட்டும் மழையில் நேரில் வந்து முள்ளைச் சிவப்பில் நிறுத்திவிட்டுப் போனார்.

கேட் திறந்திருக்கிறது என்று தெரிந்ததும் நாங்கள் கிளம்பினோம். மச்சான் கட்டுப் பிரித்த கையில் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனான். எங்களைக் கண்டதும் காவலருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“அம்மா, பாத்தீங்களா, ஆர்டரோட சிவப்பு! இனிமே உங்களுக்கு ஒரு கவலையும் இல்ல. ராத்திரி பகல் எந்நேரமும் கேட் திறந்திருக்கும். எப்ப வேணா நீங்க பாட்டுக்கு மேல இருக்கற ஆட்டை ஓட்டிட்டு வரலாம்.”

மலை கறுப்பாக நனைந்துகொண்டிருந்தது. எரிவதற்கு அதில் ஒரு புல் இல்லை. மச்சான் கேட்டைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் மேலே ஏறிக்கொண்டிருந்தான்.

மனைவி நின்றாள். முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டாள்.

“எதை அண்ணே ஓட்டிட்டு வர்றது?” என்றாள்.